மேடையில் ஒரு பூசை: மெட்டுகுடாவிலிருந்து மாதாப்பூர் வரை

பொங்கலுக்கு விருதுநகர் வராமல் ஹைதராபாத் போகிறேன் என்று சொன்னதும் அம்மா போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "அப்ப கரும்பை யாரு திங்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஒரு நாடகம் பார்க்கப் போகிறேன் என்றேன். சென்னையில் இல்லாத நாடகமா என்றார். இல்லைதான். இந்த நாடகம் எந்த ஊரிலும் இல்லை. என் தோழி எழுதி, அவளே இசையமைத்து, ஒரே ஒரு நாள் போடப் போகிற பாட்டு நாடகம் அது.

2007 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. எழும்பூரில் தெற்கே போகும் ரயில்களில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், சென்ட்ரலில் மாலை 6.10 ஹைதராபாத் ரயிலில் என் பெட்டி பாதி காலி. இதைப் பயணம் திட்டமிடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சங்கராந்திக்கு ஹைதராபாத்தில் வேலை செய்கிறவர்கள் குண்டூர், விஜயவாடா, ராஜமுந்திரி என்று மூட்டை கட்டிவிடுவார்கள். எல்லாரும் வெளியே வரும்போது நாம் உள்ளே போனால் டிக்கெட் கிடைக்கும், சாலை கிடைக்கும், ஆட்டோக்காரர்கூடக் கொஞ்சம் இறங்கி வருவார். இரண்டாம் வகுப்புப் படுக்கை 280 ரூபாய். ஏறக்குறைய 790 கிலோமீட்டர், பதின்மூன்றே கால் மணி நேரம்.

தோழி பெயர் ஜெயராணி. சென்னையில் மூன்று வருடம் ஒரே டீமில் இருந்தோம். அவள் புரோகிராம் எழுதுவாள், நான் அதில் தப்பு கண்டுபிடிப்பேன், அவள் அது தப்பே இல்லை என்பாள். அப்படிச் சண்டை போட்டு வளர்ந்த சிநேகம். பிறந்து வளர்ந்தது செகந்திராபாத் பக்கம் மெட்டுகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அவள் கொள்ளுத்தாத்தா பாளையங்கோட்டைப் பக்கமிருந்து ரயில்வே பணிமனை வேலைக்குப் போனவர். நான்கு தலைமுறையாகக் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். இப்போது ஜெயா மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள்.

அவள் செய்திருந்த காரியம் இதுதான். கத்தோலிக்கர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு, அதாவது திருப்பலிக்கு, ஒரு வரிசை உண்டு. வருகைப் பாட்டு, மன்னிப்புக் கேட்பது, புகழ்வது, வாசகம், காணிக்கை, அப்பமும் திராட்சை ரசமும் அர்ப்பணமாகும் நடுப்பகுதி, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்வது, நன்மை என்கிற அந்த அப்பத்தை வாங்குவது, கடைசியில் வழியனுப்பு. இந்த வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பாட்டு நாடகம். கதை நடக்கும் இடம் ஒரு ரயில் நிலையம். நான் இந்து. ஆனால் பள்ளியில் பத்து வருடம் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பூசையில் எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று தெரியும், எதற்கு என்று தெரியாது. போனில் அவள் ஒரு பாட்டின் இரண்டு வரியைப் பாடிக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

இதில் ஒரு முள்ளும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜெயா கூட வேலை பார்த்த சுரேஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சுரேஷ் குண்டூர்க்காரன், தெலுங்கு, இந்து. அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. மெட்டுகுடாவுக்கும் மாதாப்பூருக்கும் 22 கிலோமீட்டர்தான். அவர் பெயர் சவரிமுத்து, பணிமனையில் ஃபோர்மேன். பங்குக் கோவிலில் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவரே. நாடகத்தில் பாடப் போவது அந்தக் குழுதான். "பாடறது அவங்க இஷ்டம், நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம்.

"ஹால் நெறையலைன்னாகூடப் பரவால்லடி. அப்பா வரணும். வந்து ஒரே ஒரு பாட்டு கேட்டாப் போதும். அவர் கத்துக்குடுத்ததை வெச்சுத்தானே எல்லாம் போட்டிருக்கேன்" என்றாள் ஜெயா.

சனிக்கிழமை காலை 7.25க்கு செகந்திராபாத்தில் இறங்கினேன். வெளியே வந்ததும் இடதுபுறம் நடந்தால் இரானி ஹோட்டல் ஒன்று இருக்கிறது. டீ ஐந்து ரூபாய், உஸ்மானியா பிஸ்கட் ஒன்று ஒரு ரூபாய். நான் நான்கு பிஸ்கட் சாப்பிட்டேன், ஆறு என்று பில் போட்டார்கள், ஆறு சாப்பிட்டிருந்தாலும் இருக்கும். மாதாப்பூருக்கு ஆட்டோ 250 கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் மறுபடி நிலையத்துக்குள் போய் உள்ளூர் ரயிலைப் பிடியுங்கள். ஹைடெக் சிட்டி வரை ஏழு ரூபாய், 50 நிமிடம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஐந்து ரூபாய். மிச்சமான 238 ரூபாயில் என்னென்ன சாப்பிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

ஜெயாவின் வீடு நான்காவது மாடி. சுரேஷ் பெசரட்டு என்கிற பச்சைப்பயறு தோசை வார்த்துக்கொண்டிருந்தான். சங்கராந்திக்கு ஊருக்குப் போகாததால் அவன் அம்மாவும் போனை வைத்துவிட்டாராம். நாங்கள் இரண்டு பேரும் அந்த நிமிடமே நண்பர்களாகிவிட்டோம். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆறு மாதமாக ஒத்திகை கேட்டுக் கேட்டு நாடகப் பாட்டு அத்தனையும் பாடுகிறான், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல்.

அன்று மதியம் ஒத்திகை. அரங்கம் மாதாப்பூரில் ஒரு கல்லூரிக்குள், 400 பேர் உட்காரலாம். பண்டிகை விடுமுறை என்பதால் பாதி வாடகைக்குக் கிடைத்திருந்தது. மேடையில் நிஜமான நடைமேடை மாதிரியே இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய், மேலே ஒரு பழைய ஒலிபெருக்கி, ஓரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். ரயில் வருகிறது என்று அறிவிக்க இரும்புக் கம்பியால் அதை அடிப்பார்கள்.

பங்குத் தந்தை மூன்று நிபந்தனை போட்டிருந்தார் என்று ஜெயா சொன்னாள். மேடையில் யாரும் குருவானவர் உடுப்பு போடக் கூடாது. அப்பம், கிண்ணம் எதுவும் காட்டக் கூடாது. பூசையின் நடுப்பகுதி வார்த்தைகளை யாரும் சொல்லக் கூடாது. "நாடகம் நாடகமா இருக்கணும், பூசை பூசையா இருக்கணும்" என்றாராம். ஜெயா யோசித்து, குருவானவரையே எடுத்துவிட்டாள். அவருக்குப் பதில் ஒலிபெருக்கிக் குரல். நடைமேடையில் காத்திருக்கும் பயணிகளுக்கு ஒரு பெண் குரல் அறிவிப்பு செய்துகொண்டே இருக்கும், பாட்டாக. பயணிகள் பாதிப் பேர் பணிமனைத் தொழிலாளிகள், பாதிப் பேர் கம்ப்யூட்டர் பை மாட்டிய புதுசுகள். நடுப்பகுதி வரும்போது விளக்கை அணைத்துவிட்டு தண்டவாளத் துண்டை மூன்று முறை அடிப்பது, ரயில் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக. கேட்டதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும்விட்டேன்.

ஒரு பிரச்சினை. குழுவில் இருக்கிற பெண்களுக்கு சவரிமுத்துவின் ஆர்மோனியம் இல்லாமல் சுருதி நிற்பதில்லை. எலக்ட்ரானிக் கீபோர்டு வைத்துப் பார்த்தார்கள், எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நாளைக்கு அந்தப் பெட்டி வந்தாக வேண்டும். ஜெயா போக முடியாது, சுரேஷ் போகவே கூடாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வேனில் மெட்டுகுடா போய்ச் சேர்ந்தேன். வேன் வாடகை போக வர 900 ரூபாய், அது ஜெயாவின் செலவு. ஓட்டுநர் பெயர் யாதகிரி. வானம் முழுக்கப் பட்டம். மின்கம்பியில் ஒன்று, மரத்தில் ஒன்று என்று பாதி அறுந்து தொங்கின. யாதகிரி ஓட்டிக்கொண்டே வானத்தைப் பார்த்தார், நான் சாலையைப் பார்த்தேன். யாராவது ஒருவர் பார்க்க வேண்டுமே.

குவார்ட்டர்ஸ் வாசலில் பதினொரு பேர் பட்டுச் சேலையும் இஸ்திரி போட்ட சட்டையுமாகத் தயாராக நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஸ்டெல்லாக்கா. ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாடகத்தில் ஒலிபெருக்கிக் குரல் அவர்தான், நேற்று டியூட்டி என்று ஒத்திகைக்கு வரவில்லை. "ஜெயா ஃபிரெண்டா நீ? ஹவ் ஹவ், சொன்னா. ஏறு, லேட்டு கீட்டு ஆக்க நக்கோ" என்றார். இங்கே தமிழ் இப்படித்தான். இரண்டு வாக்கியம் பாளையங்கோட்டை, நடுவில் உருது, ஓரத்தில் தெலுங்கு. ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். அவருடைய மகள் வேனுக்குள்ளிருந்து "மம்மி, ஜல்தி" என்று தெலுங்கு இழுப்பில் கூப்பிட்டாள்.

ஆர்மோனியப் பெட்டி வீட்டுக்குள் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் சவரிமுத்து இருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஏறிய வழுக்கை, ஒடிசலான உடம்பு. நான் குனிந்து பெட்டியைத் தூக்கப் போனேன்.

"கை வைக்காதே" என்றார். "துருத்தி லூசா இருக்கு. ஆட்டினா போச்சு."

"நான் மெதுவாத் தூக்கறேன் அங்கிள்."

"நக்கோமா. யாரு தூக்கினாலும் ஆட்டுவாங்க. நானே வந்து ஏத்தி எறக்கித் தர்றேன். பெட்டிக்காக வர்றேன். நாடகத்துக்கு இல்ல."

ஸ்டெல்லாக்கா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். துருத்தி நேற்றைக்கு நன்றாகத்தான் இருந்தது என்று அப்புறம் வேனில் என் காதில் சொன்னார். எனக்கு அந்த நிமிடத்தில் ஜெயாவுக்கு போன் செய்யக் கை துறுதுறுத்தது. செய்யவில்லை. சொல்லி வைத்து அவர் பாதியில் இறங்கிப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

1.40க்குக் கிளம்பினோம். மெட்டுகுடாவிலிருந்து செகந்திராபாத், போயினப்பள்ளி, பாலாநகர், கூகட்பள்ளி, ஹைடெக் சிட்டி. சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் வழி, அன்றைக்கு 50 நிமிடம். பாலாநகரில் தொழிற்சாலைக் கதவுகள் எல்லாம் பூட்டியிருந்தன. சாலை நடுவில் சிறுபிள்ளைகள் மாஞ்சா நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பின் இருக்கைகளில் குழு தொண்டையைச் சரிசெய்துகொண்டே பாடிக்கொண்டு வந்தது. யாதகிரி ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். சவரிமுத்து முன் இருக்கையில், எனக்குப் பக்கத்தில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபடி வந்தார். ஒரு பாட்டில் யாரோ ஓர் இடத்தில் சுருதி விட்டபோது மட்டும் அவர் விரல் பெட்டி மேல் ஒரு கட்டையை அழுத்துவதுபோல் அசைந்தது.

பாலாநகர் தாண்டியதும் திடீரென்று கேட்டார். "நீ அவங்க வீட்ல தங்கியிருக்கியா?"

"ஆமா அங்கிள்."

"எத்தனாவது மாடி?"

"நாலு."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு. ஆனா பாதி நேரம் ஓடாது."

"தண்ணி? போரா, லாரியா?"

"லாரிதான். வாரத்துக்கு ரெண்டு தடவை."

"கைக்கு அந்த ஏரியாவுல போயி வீடு எடுத்தாங்க. நம்ம பக்கம் தண்ணிக்கு என்ன கொறச்சல்" என்று ஜன்னலிடம் சொன்னார். கைக்கு என்றால் எதற்கு. இரண்டு வருடமாகப் பேசாத மனிதர் மகள் வீட்டுக் குழாயைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அரங்க வாசலில் டிக்கெட் கிழிக்க நின்றது சுரேஷ். சவரிமுத்து பெட்டியோடு அவனைத் தாண்டிப் போனார். போட்டோவில் பார்த்திருக்கிறார், யார் என்று தெரியும். சுரேஷ் கதவை அகலமாகத் திறந்து பிடித்தான், அவ்வளவுதான். உள்ளே ஜெயா மேடைக்குக் கீழே பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த தாள் அத்தனையும் கீழே போட்டாள். அவர் பெட்டியை வைத்தார், துருத்தியை இழுத்துப் பார்த்தார், வாசிக்கப் போகும் ஸ்டெல்லாக்காவின் மகளிடம் விட்டுவிட்டு முதல் வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பெட்டிக்குப் பக்கத்துல இருக்கேன்" என்று யாருக்கோ சொன்னார். ஜெயா நின்று குழுவை நடத்த வேண்டிய இடம் அதற்கு மூன்றடி முன்னால். அவள் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். நல்லவேளை என்றாள் என்னிடம்.

5.30க்கு அரங்கம் நிறைந்திருந்தது. முன் பாதி மெட்டுகுடா, லாலாகுடா ரயில்வே குடும்பங்கள். பின் பாதி மாதாப்பூர்க் கூட்டம், தமிழ்நாட்டிலிருந்து வந்த இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள், ஊருக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள். பங்குத் தந்தை முதல் வரிசை நடுவில். நான் சவரிமுத்துவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி.

விளக்கு அணைந்தது. பயணிகள் வேடத்தில் இருந்த குழு மேடை வழியாக வரவில்லை. பின் கதவைத் திறந்து, பெட்டி படுக்கையோடு, பாடிக்கொண்டே நடுவழியில் நடந்து வந்தார்கள். ஜெயா நல்ல நாடகக்காரி. ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து பாட்டோடு ஒரு வரிசை நடந்து வந்தால் என்ன ஆகும்? முன் பாதி முழுக்க, 200 பேர், படாரென்று எழுந்து நின்றுவிட்டார்கள். பின் பாதிக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாரும் நிற்கிறார்களே என்று அவர்களும் நின்றார்கள். நானும் நின்றேன், பத்து வருடப் பழக்கம்.

ஒலிபெருக்கியில் ஸ்டெல்லாக்கா. ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்பதை அவர் நிலைய அறிவிப்பு ராகத்தில் பாடினார். நாடகப்படி மேடையில் ஒரு சுமை தூக்குபவர்தான் அதற்குப் பதில் பாட வேண்டும். அவர் வாய் திறப்பதற்குள் 200 பேர் "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். சுமை தூக்குபவர் திறந்த வாயோடு நின்றார். ஜெயாவின் முதுகைப் பார்த்தேன். தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. பிறகு கையை உயர்த்தி, பாட்டை விடாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோனாள். நான் டெஸ்டர், தப்பு பிடித்தே சம்பளம் வாங்குகிறவள். இப்படி ஓர் அழகான தப்பை நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அது பாதி நாடகம், பாதி பூசை. மன்னிப்புப் பாட்டில் கம்ப்யூட்டர் பை மாட்டிய ஒரு பெண் அம்மாவின் போனை எடுக்காமல் விட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடினாள். பின்னால் பாதிப் பேர் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். எனக்கும் சுருக்கென்றது. காணிக்கைக் காட்சியில் ஒரு தொழிலாளி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பெஞ்சில் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பாடினான். அந்த மெட்டு இன்னும் என் காதில் இருக்கிறது, அலுவலகத்தில் முணுமுணுத்துத் திட்டு வாங்குகிறேன்.

பிறகு விளக்கு முழுக்க அணைந்தது. இருட்டில் தண்டவாளத் துண்டில் மூன்று அடி. ரயில் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் பூசையின் நடுப்பகுதியில் கோவிலில் மணி அடிப்பார்கள், மணி கேட்டால் முழங்கால் போட வேண்டும். முதல் அடியிலேயே என்னைச் சுற்றி நாற்காலிகள் மடங்கும் சத்தம். மெல்ல வெளிச்சம் வந்தபோது முன் பாதி முழுக்கக் குறுகலான வரிசைகளுக்கு நடுவே முழங்காலில் இருந்தது. பங்குத் தந்தை மட்டும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, முழுக்க எழவும் முடியாமல், மண்டியிடவும் முடியாமல், இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். மூன்று நிபந்தனைகளும் ஒழுங்காகக் காப்பாற்றப்பட்டிருந்தன. யாரைக் குறை சொல்வார்.

அடுத்தது சமாதானம். மேடையில் ஒரே இருக்கைக்காக இரண்டு பயணிகள் சண்டை போடுகிறார்கள், ஒலிபெருக்கி அவர்களைப் பார்த்து, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று பாடுகிறது. அந்த இரண்டு பேருக்கு மட்டும் சொன்னது. அரங்கம் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டது. 400 பேரும் கை கூப்பி இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்னால், முன்னால் என்று திரும்பித் திரும்பி "சமாதானம், சமாதானம்" என்றார்கள். எனக்குப் பின்னால் இருந்த முஸ்லிம் பையன் எனக்குச் சொன்னான், நான் அவனுக்குச் சொன்னேன்.

ஜெயாவும் பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் இதைச் செய்தவள்தானே. அவள் யோசிக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். குழுவுக்கு இரண்டு பக்கமும் கை கூப்பினாள், அப்படியே பின்னால் திரும்பினாள். பின்னால் மூன்றடியில் அவள் அப்பா. அவரும் பக்கத்து ஆளுக்குச் சொல்லி முடித்து, கூப்பிய கையோடு முன்னால் திரும்பினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலை குனிந்தார்கள். "சமாதானம்" என்று இரண்டு பேர் வாயும் சொல்லிவிட்டது. நிமிர்ந்த பிறகுதான் யார் எதிரில் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கூப்பிய கை கூப்பியபடியே நின்றது. ஸ்டெல்லாக்கா மேடை ஓரத்தில் மைக்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த வரியை அவர் மறந்தேபோனார். சவரிமுத்துதான் கையை இறக்கி, பெட்டியைக் காட்டி, பாட்டை எடு என்பதுபோல் சைகை செய்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

7.20க்கு முடிந்தது. கைதட்டல் நிற்கவில்லை. சுரேஷ் வாசலிலிருந்து ஓடி வந்து பெட்டியை எடுக்கப் போய், அது யாருடையது என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான். சவரிமுத்து எழுந்து என் பக்கம் வந்தார். ஜெயா அங்கேயேதான் நின்றாள். ஆனால் அவர் பேசியது என்னிடம்.

"யம்மா, உன் ஃபிரெண்டுகிட்ட ஒண்ணு சொல்லிடு. இன்னிக்கு நடந்தது நாடகம். நாடகத்துல சொன்ன சமாதானம் செல்லாது."

ஜெயாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. "ஏன் அங்கிள் செல்லாது?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"கோவில்ல, பீடத்துக்கு முன்னாடி சொல்லணும். அதுதான் செல்லும். ஞாயித்துக்கிழமை எட்டரைக்குத் தமிழ்ப் பூசை. வரச் சொல்லு." பெட்டியைத் தூக்கிக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார். "தனியா வர நக்கோ. ரெண்டு பேரும் வரணும்."

தமிழ் தெரியாத சுரேஷ், "ஏமன்னாரு?" என்று என்னிடம் தெலுங்கில் கேட்டான். என்ன சொன்னார் என்று கேட்கிறான். ஜெயா அவன் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் திரும்பினேன். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சங்கராந்தி நாட்களில் பெரிய கடைகள், மெஸ்கள் பலவும் மூடியிருக்கும். மாதாப்பூரில் நான் திங்கள் மதியம் சாப்பாட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன், ஆகவே கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வண்டியில் போவதாக இருந்தால் கழுத்துக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், மாஞ்சா நூல் பொல்லாதது. உள்ளூர் ரயில் ஞாயிற்றுக்கிழமை குறைவு, நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மெட்டுகுடாவில் தமிழில் வழி கேட்டால் கொண்டுபோய் விட்டுவிட்டே வருவார்கள், டீயும் வாங்கித் தருவார்கள், உங்கள் சம்பளத்தையும் கேட்பார்கள். பெண்கள் தனியாகப் போகலாம், எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்று நாளுக்கு ரயில், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய், தங்கியது தோழி வீட்டில்.

நாடகத்தை மறுபடி போடுவார்களா என்று தெரியாது. போட்டால் போய்ப் பாருங்கள். யாராவது எழுந்து நின்றால் நீங்களும் நில்லுங்கள், யோசிக்காதீர்கள். பூசை என்பது இத்தனை வருடம் எனக்கு வெளியே நின்று பார்த்த ஒன்றாகத்தான் இருந்தது. வாரந்தோறும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருப்பதில் என்ன இருக்கிறது என்று பள்ளியில் சலித்திருக்கிறேன். மனது மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும்போதும் கையும் வாயும் தானாகச் செய்துவிடுகிற அளவுக்கு அது உள்ளே போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதிப் பாதியில் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு, 21ஆம் தேதி. காலை பத்தே காலுக்கு ஜெயாவின் போன். பின்னால் கோவில் வாசல் சத்தம்.

"போனோம்டி. அப்பா எங்களுக்கு முன் பெஞ்ச்ல. பூசை முழுக்கத் திரும்பவே இல்ல. சமாதானம் வந்துச்சு. திரும்பினார். என்னைப் பாக்கல. நேரா சுரேஷ் பக்கம் திரும்பி, கை கூப்பி, சமாதானம்னார்."

"அவன் என்ன சொன்னான்?"

"அவனுக்கு என்ன தெரியும். வெலவெலத்துப் போயி, 'சங்கராந்தி சுபாகாங்க்ஷலு மாமய்யகாரு' அப்படின்னுட்டான். மாமனாருக்கு சங்கராந்தி வாழ்த்து! பண்டிகை முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு."

"அப்பா?"

"அந்தப் பக்கம் திரும்பிட்டார். தோள் ரெண்டும் குலுங்குது. அய்யோ அழறாரேன்னு எட்டிப் பாத்தேன். சிரிக்கிறார்டி. பூசைல நின்னுக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறார்."